ஒட்டுக்கு எந்த மயக்கம்

இந்த நாக்கு ஒரு நாள் அறுந்து விழாதா என்று அவள் நினைத்தது எப்போது? கல்யாணமான புதிதில், விருந்தாளிகள் நடுவே நாத்தனார், "எங்க வீட்டு மருமக மத்தவங்களைத் தூங்க வெக்கிற டாக்டர்னு சொன்னாங்க, பாத்தா காலையில அவளைத்தான் எழுப்ப முடியல" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தாரே, அன்றா? அல்லது வயிற்றில் உண்டானது தங்காமல் போய், கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தபோது வந்து, "அந்த மயக்க கேஸை நாள் பூரா மோந்துகிட்டு இருந்தா வயித்துல என்ன தங்கும்?" என்று கேட்டாரே, அன்றா? உண்மையிலேயே நினைத்தாளா? இல்லை, நினைத்ததாக இப்போது தானாக இட்டுக்கட்டிக்கொள்கிறாளா?

"என்ன டாக்டரம்மா, வாயைத் திறன்னு சொல்லிட்டு நீ பாட்டுக்கு நின்னுட்டே? ஈ பூந்துரும்."

வாயைத் திறந்து வைத்துக்கொண்டே சொன்னதில் பாதி எழுத்துகள் வழுக்கி விழுந்தன. அவள் டார்ச்சைச் சரியாகப் பிடித்தாள். நாத்தனாரின் நாக்கில் இடப்பக்கம், கடைவாய்ப் பல்லை ஒட்டி, வெளுத்த தடிப்பு ஒன்று. நடுவில் குழிந்து, விளிம்பில் முறுக்கிக்கொண்டிருந்தது. கூரான பல் உராய்ந்த புண் என்று மாதக்கணக்கில் தேனைத் தடவிக்கொண்டு இருந்துவிட்டார். புற்றுநோய் என்று தெரிந்து, இப்போது பாதி நாக்கை எடுத்தாக வேண்டும்.

"போதும்க்கா, மூடிக்கங்க."

"மூடுன்னு நீ சொல்லி இப்பத்தான் கேக்கறேன். இத்தனை வருஷம் மனசுக்குள்ளயே சொல்லிகிட்டு இருந்திருப்பே."

அவளுக்குக் காது மடல் சுட்டது. நோயாளியின் கழுத்தை நிமிர்த்திப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நாத்தனார் என்றால் கணவனின் அக்கா. தையல் கடை வைத்திருப்பவர். தையல் மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, சாதாரணமாகப் பேசினாலே சண்டை போடுவதுபோல் கேட்கும். குடும்பத்தில் அவர் வாயில் விழாத ஆள் கிடையாது. வீட்டு ஆளுக்கு வீட்டு ஆளே மயக்கம் கொடுப்பது இந்த ஆஸ்பத்திரியில் வழக்கமில்லைதான். ஆனால் நீண்ட அறுவைகளுக்கு மயக்கம் கொடுக்கக்கூடிய இன்னொரு டாக்டர் பிரசவ விடுப்பில் போயிருந்தாள். அது மட்டுமா, "என் தம்பியவே மயக்கினவளுக்கு நான் எம்மாத்திரம்? வேற யாரும் என்னைத் தொடக்கூடாது" என்று நாத்தனார் ஒரே பிடியாக நின்றார். அது நம்பிக்கையா, வம்பா? இத்தனை வருஷம் பழகியும் அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"நாளைக்கு என்ன பண்ணப் போறாங்க, நீ சொல்லு. அந்தப் பெரிய டாக்டர் படம் போட்டுக் காட்டினாரு. எனக்கு அது மீன் மாதிரி இருந்துச்சு."

"புண் இருக்கிற பாதி நாக்கை எடுத்துருவாங்க. இடது முன்னங்கையில இருந்து ஒரு துண்டுத் தோலை, அதுக்கு ரத்தம் கொண்டு போற குழாயோட சேத்து வெட்டி எடுத்து, நாக்குல வெச்சுத் தெப்பாங்க. அந்தக் குழாயைக் கழுத்துல இருக்கிற குழாயோட மைக்ராஸ்கோப் வெச்சு இணைப்பாங்க."

"ஒட்டுப் போடறதுன்னு சொல்லேன்."

"ஒட்டுதான். ஆனா துணி ஒட்டு மாதிரி இல்லக்கா. வெட்டி எடுத்ததுல இருந்து குழாயை இணைச்சு முடிக்கிற வரைக்கும் அதுக்கு ரத்தமே கிடையாது. அது தாங்கணும். தாங்கினாத்தான் நாக்கு."

"தாங்கலேன்னா?"

"ஓரம் கறுக்கும். சில சமயம் முழுசும்."

நாத்தனார் தன் இடது முன்னங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். துணியை நகர்த்தி நகர்த்தித் தேய்ந்து வழவழத்த கை. பிறகு குரலைத் தாழ்த்தினார். தாழ்த்த அவருக்குத் தெரியும் என்பதே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

"நாக்குப் போனாலும் போகட்டும். கேஸ் குடுத்துப் பித்தப்பை எடுத்தப்போ எனக்கு வாந்தி எடுத்துச்சே, நீ பாக்கல, நீ அப்போ ஊருல இல்ல. மயக்கம் தெளிஞ்சதுல இருந்து குடலே வெளிய வந்துரும்போல. தண்ணி வாசனை கூட ஆகல. அப்போ வாயாவது தொறந்திருந்துச்சு. இப்போ வாய் பூரா தையல், கழுத்துல குழாய். வாந்தி வந்தா எங்கடி போகும்? சொல்லு, எங்க போகும்?"

'டி' போட்டுப் பேசியதும் அன்றுதான். அந்தக் கண்களில் இருந்தது வம்பு இல்லை. பட்டப்பகல் போலத் தெரிந்த பயம்.

"வயித்துக்குள்ள கேமரா விட்டுப் பாத்தாங்களே, அன்னிக்குக் கையில வெள்ளையா ஒண்ணு ஏத்தினாங்க. பால் மாதிரி. எந்திரிச்சதும் பசிச்சுச்சு எனக்கு. அதைக் குடுத்துரு. மூஞ்சில வெக்கிற அந்த கேஸ் வேணாம்."

"பாலே குடுக்கறேன்க்கா."

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் சொன்னோம் என்பது உறைத்தது. வாக்குக் கொடுத்தது டாக்டரா, தம்பி பெண்டாட்டியா?

அந்த நேரம் பார்த்துக் கணவன் ஃபிளாஸ்க்கோடு உள்ளே வந்தான். வந்ததும் வராததுமாக, "டாக்டரைப் பாத்துட்டு வரேன். கேஸ்தான் போடப் போறாங்களாம். கேஸ் குடுத்தா ஒட்டு கெடாதுன்னு ஆராய்ச்சியே இருக்காம்" என்றான்.

நாத்தனார் அவளைப் பார்த்தார். அவள் நாடித் துடிப்பு எண்ணுவதுபோல் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். எண்ணிக்கை ஒன்றும் மனதில் நிற்கவில்லை.

*

ஒட்டு அறுவை நிபுணரை ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டுக்காரர் என்பார்கள். அது அவருக்கும் தெரியும், உள்ளூரப் பெருமைதான். கெட்டிக்காரர், நல்ல மனிதர், தன் ஒட்டு ஒன்று கறுத்துப்போனால் வீட்டில் சாப்பிடமாட்டார் என்று கேள்வி. அவர் அறையில் மேஜைமேல் பிளாஸ்டிக் தாடை ஒன்று எப்போதும் வாயைப் பிளந்துகொண்டு இருக்கும். அதற்குள்தான் பேனாவைச் செருகிவைப்பார்.

"சார், எங்க வீட்டுக்காரர்கிட்ட ஏதோ ஆராய்ச்சின்னு சொன்னீங்களாம்."

"ஆமா மேடம். நீங்க சொன்னதுதானே?"

"நானா?"

"பின்னே? ரெண்டு வருஷம் முன்னாடி, டீ குடிச்சுகிட்டு இருந்தப்போ. எலிக்கு கேஸ் குடுத்து ஒட்டுப் போட்டாங்களாம், ஓரம் கறுக்கவே இல்லையாம்னு. நான் அதைப் புடிச்சுகிட்டேன்."

சொல்லியிருக்கலாம். டீ ஆறும் வரை எதையாவது பேச வேண்டுமே என்று, அன்று காலை எதிலோ படித்ததைச் சொல்லியிருப்பாள். அது இவர் காதில் விழுந்து, நம்பிக்கையாகி, அவள் கணவனிடம் ஆராய்ச்சியாகி, இப்போது அவளிடமே திரும்பி வந்து நிற்கிறது. தன் குரலையே பக்கத்து அறையிலிருந்து யாரோ பேசுவதுபோல் கேட்கிற கூச்சம் அவளுக்கு வந்தது.

"எலிக்கு, சார்."

"எலியை விடுங்க. நம்ம கண்ணால பாக்கலையா? நீங்க கேஸ் போட்ட ஒட்டெல்லாம் ரோஜாப்பூ மாதிரி இருக்கு. ஓரம் கறுத்ததெல்லாம் எது? பால் போட்டது. எடுத்துப் பாருங்க."

பார்க்கவே வேண்டாம். அவளுக்கே தெரியும். இந்த இரண்டு வருஷத்தில் அவளும் கொஞ்சம் கொஞ்சமாக அதை நம்ப ஆரம்பித்திருந்தாள். கொஞ்சம் பெருமைகூட இருந்தது. வெட்டித் தைக்கிறவருக்குத்தான் எப்போதும் பெயர். தூங்கவைப்பவளை யார் நினைக்கிறார்கள்? ஒட்டு பிழைத்ததில் தனக்கும் ஒரு பங்கு உண்டு என்பது மனதுக்கு இதமாகத்தான் இருந்தது.

காரணம் சொல்லவும் அவளால் முடியும். ரத்தம் இல்லாமல் கிடந்த தசைக்கு மறுபடி ரத்தம் வரும்போது அந்த ரத்தமே கெடுதலும் செய்கிறது. பட்டினி கிடந்தவனுக்கு ஒரேயடியாகச் சாப்பாட்டைத் திணித்தது மாதிரி. கேஸ் அந்தத் தசையை முன்கூட்டியே தயார்செய்து வைக்கிறது என்பது ஒரு கட்சி. இல்லையில்லை, பால் மருந்துதான் அந்தக் கெடுதலை முறிக்கிறது என்பது இன்னொரு கட்சி. இரண்டு கட்சிக்கும் எலிகள் இருந்தன. மனிதர்கள்தான் போதவில்லை.

"உங்க நாத்தனார்ங்கறதால பெரிய தியேட்டர் போட்டிருக்கேன்" என்றார் ஒட்டுக்காரர். "அங்கேயும் போன வாரம் கேஸ் வெளியே போற குழாயைச் சரிபண்ணிட்டாங்க. இனிமே அந்தச் சின்ன தியேட்டர்ல நாம வேகவேண்டாம்."

*

மறுநாளைக்கான மெஷினைச் சரிபார்க்கப் பெரிய தியேட்டருக்குள் நுழைந்தாள். நுழைந்ததும் கை தானாகத் தோளைத் தடவியது. சால்வை எடுத்து வரவில்லை.

கருவிகளை அடுக்கிக்கொண்டிருந்த தியேட்டர் சிஸ்டர் ஸ்வெட்டர் மேல் கவுன் போட்டிருந்தார். "சால்வை இல்லாமயா வந்தீங்க மேடம்? இங்க நின்னா நாமளும் ஒரு மாசத்துக்குக் கெடாம இருப்போம், காய்கறி மாதிரி."

அவள் சிரித்தாள். கேஸ் குப்பியைப் பார்த்தாள், நிரம்பியிருந்தது. அதன் மஞ்சள் திருகைத் திருப்பிப் பார்த்தாள். பால் மருந்தை ஏற்றுகிற பம்பைப் பார்த்தாள். இரண்டும் வேலை செய்தன. பற்கள் கிட்டித்தன. சால்வை என் அலமாரியில் இருக்கும், போய் எடுத்து வரலாம் என்று திரும்பியவள் பாதி வழியில் நின்றுவிட்டாள்.

பால் கொடுக்கிற நாட்களில்தான் சால்வை.

கேஸ் கொடுக்கிற நாட்களில் சால்வை கிடையாது. கேஸ் கொடுக்கிற நாட்களில் சிஸ்டர் ஒருத்தி ஒட்டுக்காரரின் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருப்பாள். ஏனென்றால் கேஸ் என்றால் சின்ன தியேட்டர். அதன் ஒரு சுவருக்கு அப்பால் கருவிகளை ஆவியில் வேகவைக்கிற அறை. எந்த ஏசியும் அந்தச் சுவரிடம் தோற்றுப்போகும். கேஸ் வெளியே போகிற குழாய் அங்கே மட்டும்தான் ஒழுங்காக வேலை செய்தது. ஆகவே கேஸ் போட வேண்டிய அறுவையை எல்லாம் அவள் அங்கேயே போடச் சொன்னாள். பெரிய தியேட்டர் என்றால் பால்தான் கொடுப்பேன் என்று நிலையாக நின்றாள்.

ஏன் அப்படி நின்றாள்? அவளுக்கு நன்றாகத் தெரியும். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தபோது காதில் விழுந்த அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகுதான். அது உண்மையா, வெறும் பேச்சா என்று யாரைக் கேட்டும் தீரவில்லை. குழாய் சரியில்லாத அறையில் கேஸ் திறக்க அதற்கப்புறம் அவளுக்குக் கை வரவில்லை. கேட்டவர்களிடம் மெஷின் சரியில்லை என்றாள்.

அவள் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

உடம்பு சூடாக இருந்தால் ரத்தக்குழாய் விரியும். குளிர்ந்தால் சுருங்கும். வாசலில் நிற்கிற காவலாளியைக் கேட்டாலும் சொல்வான். அப்படியானால் ரோஜாப்பூக்களை மலரவைத்தது கேஸா, வெக்கையா? கறுக்க வைத்தது பாலா, இந்தக் குளிரா? அல்லது வெக்கையில் வேகமாகக் கை ஓடியதால் ஒட்டுக்காரர் சீக்கிரம் தைத்து முடித்தாரா? அல்லது லேசான நோயாளிகள் சின்ன அறைக்கும் கடினமானவர்கள் பெரிய அறைக்குமாகப் போனார்களா? ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று கையோடு வந்தது. சிக்கெடுக்கப் போய் நூல்கண்டையே அவிழ்த்துப் போட்டுக்கொண்ட மாதிரி ஆயிற்று.

நாத்தனார் என்றோ சொன்ன ஒரு சொல்லைச் சுற்றித்தான் இந்த ஆஸ்பத்திரியே இரண்டு வருஷமாக நடந்திருக்கிறது. அதே வாய் நாளை மேஜைமேல் திறந்து கிடக்கப்போகிறது. அவளுக்குச் சிரிப்பு வரும்போல் இருந்தது. வந்தது சிரிப்பு இல்லை என்று தெரிந்ததும் எழுந்துவிட்டாள்.

"உடம்பு சரியில்லையா மேடம்?" என்றார் சிஸ்டர்.

"குளிருது."

தாழ்வாரத்தில் ஒட்டுக்காரரை மறித்துச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். சாவிக்கொத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"இருக்கலாம். நீங்க சொல்றதும் நியாயம்தான். ஏசியைக் குறைச்சுடறேன், ஒரு நாள் வெந்துட்டுப் போறேன். நீங்க கேஸ் போடுங்க. வெக்கையும் இருக்கட்டும், கேஸும் இருக்கட்டும். எது காப்பாத்தினா என்ன? நஷ்டம் என்ன?"

"வாந்தி சார். அவங்களுக்கு கேஸ் ஒத்துக்கல. குமட்டி எக்கினா கழுத்துல போட்ட தையல் என்ன ஆகும்?"

"வாந்திக்கு ஊசி இருக்கு மேடம். ஒட்டு செத்துப்போனா அதுக்கு ஊசி இருக்கா?"

அவர் சொன்னது சரி. தான் சொன்னதும் சரி. இரண்டு சரிகளுக்கு நடுவே எப்படி நிற்பது என்று எந்தப் பாடத்திலும் சொல்லித் தரவில்லை.

*

வீட்டுக்குப் போகும் வழியில் கணவன் கார் ஓட்டினான். சிக்னலில் நின்றபோது, "அவர் சொல்றபடி கேட்டுடேன்" என்றான்.

"அக்காவே கேஸ் வேணாம்னு சொல்றாங்க."

"அக்காவுக்கு என்ன தெரியும்? பயத்துல சொல்றா. அத்தனை பேரை வெட்டின மனுஷன் சொல்றாரு."

"அவருக்கும் தெரியாதுங்க. எனக்கும் தெரியாது. அதுதான் விஷயமே."

"தெரியாதுன்னா தெரிஞ்சவரு மாதிரி இருக்கிறவர் பேச்சைக் கேக்கறதுதானே?" இதை வேடிக்கைக்குச் சொன்னானா என்று முகத்தைப் பார்த்தாள். இல்லை. "நீ ஒண்ணு குடுத்து, அது சரியா வராமப் போச்சுன்னு வெச்சுக்கோ. அப்புறம்..."

"அப்புறம்?"

"ஒண்ணுமில்ல."

பச்சை விளக்கு விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அந்த ஒண்ணுமில்லைக்குள் என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும் என்பதுதான் புதிது. வீட்டில் எத்தனையோ முறை அக்காவின் பேச்சுக்காக அவள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டபோது, அவன் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டியிருக்கிறான். ஒன்றும் அறியாதவன் என்று நினைத்திருந்தாள்.

பாலைக் கொடுத்து ஒட்டு கறுத்தால், வேண்டுமென்றே செய்தாள் என்று ஒரு கணமாவது நினைப்பான். கேஸைக் கொடுத்து நாத்தனார் குமட்டித் துடித்தால், அதை யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். பெரிய டாக்டர் சொன்னதைத்தானே செய்தாள். ஆனால் அவள் தன்னைப் பற்றி என்ன நினைப்பாள்? படுக்கப் போகும்வரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் புரட்டினாள். தன் மனதைத் துருவத் துருவ ஒரு பக்கம் பயம் வந்தது, ஒரு பக்கம் பழைய கோபம் வந்தது. சுத்தமான காரணம் என்று ஒன்று மட்டும் கையில் அகப்படவில்லை.

*

காலையில் நாத்தனாரை மேஜைக்கு மாற்றினார்கள். பச்சைத் துணித் தொப்பிக்குள் முகம் சின்னதாகிவிட்டிருந்தது. சிஸ்டர் கால்மேல் சூடான காற்று ஓடும் போர்வையை விரித்தார். ஏசி குறைக்கப்பட்டிருந்தது; அறை ஏற்கெனவே புழுங்கத் தொடங்கியிருந்தது.

"சார், பால்தான் குடுக்கறேன்" என்று அவள் ஒட்டுக்காரரிடம் கை கழுவுமிடத்தில் சொல்லிவிட்டு வந்திருந்தாள். அவர் முழங்கை வரை நுரையோடு திரும்பிப் பார்த்தார். குழாயை முழங்கையால் கொஞ்சம் பலமாக மூடினார்.

நாத்தனார் ஊசிக்குழலை உற்றுப் பார்த்தார். "பாலா?"

"பால்தான்க்கா."

"ஆடை படியாமப் பாத்து ஊத்து."

அந்த முழு நாக்கு பேசிய கடைசிப் பேச்சு அதுதான். சிரித்து முடிப்பதற்குள் இமைகள் இறங்கின. சிஸ்டரின் தோள் குலுங்கியதை முகமூடிக்கு மேலே அவள் பார்த்தாள். தானும் சிரித்தாளா என்று நினைவில்லை. மூச்சுக்குழாயைப் போட்டாள், ஒட்ட வேண்டியதை ஒட்டினாள், பம்பை ஓடவிட்டாள். வெள்ளை மருந்து மெல்லிய குழாய் வழியாகச் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

வெட்டும் வேலை மதியத்தைத் தாண்டியது. எடுத்த நாக்குத் துண்டு ஒரு புட்டியில் போனது. இதோ இத்தனூண்டுதானா என்று அவள் நினைத்தாள். குடும்பமே பயந்த பொருள் மருந்துத் தண்ணீரில் மிதந்தது. அப்படி நினைத்ததற்காக உடனே கூசினாள்.

அப்புறம் கை. முன்னங்கைத் தோலைச் சதுரமாக வரைந்து கீறி, குழாய்களோடு தூக்கினார்கள். தூக்கிய பிறகும் அது சிவப்பாகத்தான் இருந்தது. ஒட்டுக்காரர் ரத்தக்குழாயில் சின்னஞ்சிறு கவ்வியைப் போட்டார். வெட்டினார்.

எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். இந்த இடத்தில் எப்போதும் நிறுத்திவிடுவார்கள். ஒட்டு வெளுத்தது. முதலில் ஓரம், பிறகு நடு. சோப்புத் தண்ணீரில் ரொம்ப நேரம் ஊறிய விரல்நுனி மாதிரி ஆயிற்று. அதை வாய்க்குள் வைத்து நாலு மூலையிலும் தைத்தார். கழுத்தில் குழாய்களைத் தேடி எடுத்து, மைக்ராஸ்கோப்பைத் தன் கண்ணுக்கு இழுத்துக்கொண்டார். நெற்றியிலிருந்து வியர்வை இறங்கியது. சிஸ்டர் துடைத்தார்.

அவள் திரையைப் பார்த்தாள். ரத்த அழுத்தம் நன்றாக இருந்தது. உடம்பின் சூடு நன்றாக இருந்தது. அவளால் செய்யக்கூடியதெல்லாம் நன்றாக இருந்தது. ஒட்டு மட்டும் வெளுத்துக் கிடந்தது.

"மேடம்."

கண்ணை எடுக்காமலே கூப்பிட்டார். குரல் மைக்ராஸ்கோப்பிலிருந்து வருவதுபோல் இருந்தது.

"சார்."

"சிரையில ஒரு சின்னச் சிக்கல். நெனச்சதை விட நேரமாகும்போல இருக்கு. இன்னும் கொஞ்ச நேரம் ரத்தம் இல்லாமதான் கெடக்கும் இது." ஊசியை எடுத்தார், விட்டார். "அந்த மஞ்சள் திருகைக் கொஞ்சம் திருப்புங்களேன். பால் பாட்டுக்கு ஓடட்டும். நான் கவ்வியை எடுக்கிற வரைக்கும் கொஞ்சம் கேஸ். அவ்வளவுதான் கேக்கறேன்."

அவள் மெஷின் பக்கம் திரும்பினாள்.

"உங்க வாக்கை நான் கெடுக்கல. தூங்கறவங்களுக்கு என்ன தெரியப் போகுது? எழுந்திரிக்கும்போது கேஸ் இருந்த சுவடே இருக்காது."

சிஸ்டர் அவளைப் பார்த்தார். உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

கை அதற்குள் திருகின்மேல் போயிருந்தது. எப்போது போயிற்று? அது அவள் கையா, பழக்கமா? திருகு கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தது. ஒரு அழுத்து, ஒரு திருப்பு. நாத்தனாருக்குக் கொடுத்த வாக்கும் கெடாத மாதிரி இருக்கும், நாக்கும் ஒருவேளை காப்பாற்றப்படும். ஒருவேளை. இத்தனை கொஞ்சம் கேஸுக்கு வாந்தி வராமலே இருக்கலாம். வரவும் வரலாம். வெளுத்த தோல் திரும்பச் சிவந்தால் இவர் கேஸ்தான் என்பார். அவளும் உள்ளூர ஆமாம் என்பாள். அடுத்த நோயாளிக்கும் அதற்கடுத்தவருக்கும் இருவரும் அதையே சொல்லிக்கொண்டிருப்பார்கள். சிவக்காவிட்டால்? கொடுக்காமல் இருந்து சிவக்காவிட்டால்?

கணவனின் ஒண்ணுமில்லை காதில் கேட்டது.

துணிகளுக்கு நடுவே தெரிந்த முகத்தைப் பார்த்தாள். இமைகளை டேப் போட்டு ஒட்டியிருந்தாள்; அவளே ஒட்டியது. இவ்வளவு அமைதியாக இந்த முகத்தை அவள் பார்த்ததே இல்லை. என்ன செய்தாலும் ஒரு பதில் வராது. எங்கடி போகும் என்று கேட்ட வாய் இப்போது யார் கேட்டாலும் சரி என்று சொல்கிற நிலையில் கிடந்தது. அந்த நிலையில் அதைக் கொண்டுவந்து கிடத்தியது அவள்தான். அதைப் பயன்படுத்திக்கொள்வது எவ்வளவு சுலபம் என்று நினைத்தபோதுதான் விரல்கள் குளிர்ந்தன.

அன்பா இது? இல்லை. நியாயமா? தெரியவில்லை. வீம்பாகக்கூட இருக்கலாம். இத்தனை வருஷம் நாத்தனார் சொன்னதை எல்லாம் மனதுக்குள் எதிர்த்தே பழகியவள், அவர் கேட்ட ஒன்றை ஒரு தடவையாவது கேட்டபடி செய்ய நினைக்கிறாளா? எதுவாக இருந்தாலும், ஒட்டு கறுத்தால் இந்தக் கணத்தைத்தான் அவள் நாள் முழுக்க, வருஷம் முழுக்கத் தோண்டிப் பார்த்துக்கொண்டிருப்பாள். அதுவும் தெரிந்தேதான் இருந்தது.

"மேடம்?"

"வேண்டாம் சார்."

முகமூடிக்குள் அது அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. ஊசி நடுவானில் நின்றது.

"என்ன சொன்னீங்க?"

"வேண்டாம்" என்றாள் மறுபடி, முன்னைவிட மெதுவாக. திருகின்மேல் இருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.